விசைப்பொறி மலை மிதிவண்டி

விசைப்பொறி மலை மிதிவண்டி என்பது, கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட மலை மிதிவண்டியில் சிறிய பெட்ரோல் பொறியையோ மின்னோடியையோ பொருத்தி உருவாக்கப்படும் ஈருருளி வண்டி ஆகும். மின்னோடி என்பது இங்கு மின்சார மோட்டாரைக் குறிக்கும். தொழிற்சாலைகளில் முழுமையாகச் செய்து விற்கப்படும் மின் மிதிவண்டிகள் தனி வகையின. இக்கட்டுரை, ஆர்வலர்கள் தனித்தனி உறுப்புகளைத் தேர்ந்து தாமே கட்டும் வண்டிகளை, குறிப்பாக மிகுந்த எடையையும் வேகத்தையும் தாங்கும்படி வலுவாகக் கட்டப்படுபவற்றை விளக்குகிறது.

இவ்வகை வண்டியைக் கட்டுவதில் பொறியைப் பூட்டுவது எளிய வேலை. அதற்கான உறுப்புகள் யாவும் ஒரே பெட்டியில் விலைக்குக் கிடைக்கின்றன. மனிதக் கால்களின் திறனுக்கென அளந்து செய்யப்பட்ட சக்கரம், அச்சு, சங்கிலி, பிரேக் ஆகியவற்றை அதைவிடப் பல மடங்கு திறனுக்கு ஈடுகொடுக்கச் செய்வதே உண்மையான பணி ஆகும். பொறி நின்றுவிட்டால் ஓட்டுநர் மிதித்தபடி வீடு திரும்பலாம். இறக்கத்தில் பிரேக் செயலிழந்தாலோ முன்சக்கர அச்சு கழன்றாலோ அந்த வாய்ப்பு இல்லை.

வரலாறு

மிதிவண்டியில் பொறி பூட்டும் முயற்சி ஏறத்தாழ மிதிவண்டியின் வயதை ஒத்தது. 1860களின் இறுதியில் பிரான்சில் லூயி-கியோம் பெர்ரோ என்பவர் மிஷோ வகை மிதிவண்டியில் சிறு நீராவிப் பொறியைப் பொருத்தினார். அதே காலப்பகுதியில் அமெரிக்காவில் சில்வெஸ்டர் ரோப்பர் தனியே ஒரு நீராவி மிதிவண்டியை உருவாக்கினார். ரோப்பர் 1896ஆம் ஆண்டில் தம் பிற்கால நீராவி வண்டி ஒன்றை ஓட்டிக்காட்டிக்கொண்டிருந்தபோதே உயிரிழந்தார். 1885இல் செருமனியில் கோட்லீப் டைம்லரும் வில்லெம் மேபாக்கும் மரச் சட்டகத்தில் பெட்ரோல் பொறியைப் பொருத்திய பின்னர், விசையுந்து எனப்படும் மோட்டார் சைக்கிள் தனி வழியில் வளரத் தொடங்கியது.

மிதிவண்டியோடு பூட்டத்தக்க சிறு பொறிகள் ஒருபுறம் தொடர்ந்து விற்பனையாயின. அமெரிக்காவில் 1939இல் விஸ்ஸர் பொறி அறிமுகமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எரிபொருளும் பணமும் அரிதாக இருந்த ஐரோப்பாவில் இவை பெருகின. இத்தாலியின் குச்சியோலோ 48 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு வீச்சுப் பொறி. இப்பெயருக்கு 'நாய்க்குட்டி' என்பது பொருள். பிரான்சில் 1946 முதல் விற்கப்பட்ட வெலோசோலெக்ஸ் வண்டியில் பொறி முன்சக்கரத்தின் மேல் அமர்ந்து, ஓர் உருளையால் டயரை உராய்ந்து சுழற்றியது. காலப்போக்கில் இவற்றுக்கென வலுவான சட்டகம் அமைக்கப்பட்டு மொபெட் என்ற வகை தோன்றியது. மோட்டார், பெடல் ஆகிய இரு சொற்களின் முற்பகுதிகளை இணைத்துச் சுவீடிய மொழியில் உருவான சொல் இது. தமிழக வாசகர்கள் நன்கறிந்த டிவிஎஸ் 50, 1980இல் ஒசூரில் உற்பத்தி தொடங்கிய மொபெட் ஆகும். அதன் தொடக்ககால வண்டிகளில் பெடல்கள் இருந்தன.

மலை மிதிவண்டியின் தோற்றம் இதற்கு மிகவும் பிற்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் மாவட்டத்திலுள்ள டாமல்பையஸ் மலைச்சரிவுகளில் 1970களில் இளைஞர் சிலர் பழைய மிதிவண்டிகளை வேகமாக இறக்கி ஓட்டத் தொடங்கினர். 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட, தடித்த டயர் கொண்ட ஷ்வின் எக்செல்சியர் போன்ற சட்டகங்களை அவர்கள் விரும்பிப் பயன்படுத்தினர். விசையுந்துகளின் பிரேக் பிடிகளையும் கைப்பிடிகளையும் அவற்றில் பொருத்திக்கொண்டனர். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊரை அடுத்த மண்பாதையில் அவர்களது முதல் போட்டி நடந்தது. ஏறத்தாழ 3.4 கி.மீ. தொலைவில் 400 மீட்டர் உயரம் இறங்கும் பாதை அது. அவ்வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின்சக்கரக் குடத்துக்குள் இருந்தது. ஒரு முறை இறங்குவதற்குள் குடம் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் குடத்தைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. 'மீண்டும் அடைத்தல்' என்ற பொருள்படும் ரீபேக் என்ற ஆங்கிலச் சொல்லே அப்போட்டிக்குப் பெயராயிற்று. மலை மிதிவண்டி விளையாட்டின் முதல் பெயரே சூடேறிய ஒரு பிரேக்கிலிருந்து வந்தது என்பது இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமான செய்தி.

அக்குழுவைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977இல் மலைப்பாதைக்கென்றே சட்டகம் ஒன்றை வடிவமைத்துக் கட்டினார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிச்சி கட்டிய சட்டகங்களைக் கொண்டு மலை மிதிவண்டிகளை விற்கத் தொடங்கினர். 1981இல் வெளிவந்த ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர், இவ்வகையைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அகன்ற டயர், வலுவான சட்டகம், மிகத் தாழ்ந்த கியர், பிற்காலத்தில் வந்த தட்டு பிரேக், அதிர்வுதாங்கி ஆகியவை இருந்ததால், பொறி பூட்ட விரும்பியோர் சாலை மிதிவண்டியை விட்டு மலை மிதிவண்டியைத் தேர்ந்தது இயல்பே.

மனிதத் திறனும் பொறியின் திறனும்

உடல்நலமுள்ள ஒருவர் மணிக்கணக்கில் மிதிக்கும்போது 75 முதல் 150 வாட் வரை திறன் தருகிறார். சிறு பெட்ரோல் பொறிகளும் ஆர்வலர்கள் விரும்பும் மின்னோடிகளும் 1000 முதல் 1500 வாட் வரை தருகின்றன. இதைக் கண்டு பத்து மடங்கு வலுவான உறுப்புகள் தேவை என்று கருதினால் அது தவறு. 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 17 செ.மீ. நீளமுள்ள பெடல் தண்டின் மேல் எழுந்து நின்றால் ஏறத்தாழ 133 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உண்டாகிறது. ஆகவே மிதிவண்டி உறுப்புகளுக்குப் பெரிய விசை புதிதன்று. மனிதர் அதனை ஓரிரு நொடிகள் மட்டுமே தருவார். பொறியோ எரிபொருள் உள்ளவரை தரும். நொடிப்பொழுது விசையை ஆயிரக்கணக்கான முறை தாங்கும் உறுப்பு, தொடர்ந்து வரும் அதே விசையில் விரைவில் களைத்துப்போகிறது. உலோகக் களைப்பு என்று பொறியியலில் குறிப்பிடப்படும் இச்செயலில், உறுப்பு முன்னறிவிப்பாக வளையாமல், நுண்ணிய வெடிப்பு மெல்ல வளர்ந்து ஒருநாள் முறிகிறது.

இரண்டாவது காரணி வேகம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. ஓட்டுநரோடு 130 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 2000 ஜூல் ஆற்றல் கொண்டிருக்கும், 50 கி.மீ. வேகத்தில் இது 12,500 ஜூல் ஆகும். வேகம் இரண்டரை மடங்கு, ஆற்றல் ஆறேகால் மடங்கு. பிரேக் ஒரே அளவில் பிடிப்பதாகக் கொண்டால், புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு எதிர்முடுக்கத்தில், முதல் வண்டி 3 மீட்டரில் நிற்கும், இரண்டாவது 20 மீட்டரில் நிற்கும். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து கை அழுத்துவதற்கு ஆகும் ஒரு நொடியையும் சேர்த்தால் அவை முறையே 9 மீட்டராகவும் 34 மீட்டராகவும் நீள்கின்றன. காட்டுப்பாதையின் வளைவில் 34 மீட்டர் முன்னால் பார்க்க முடிவது அரிது.

சட்டகம்

பொறி பூட்டுவதற்கு எஃகுச் சட்டகம், குறிப்பாகக் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்களால் ஆனது, ஏற்றது எனப் பரவலாகக் கருதப்படுகிறது. எஃகு முறிவதற்கு முன் பெரும்பாலும் வளைந்து காட்டும். தேவைப்பட்ட இடத்தில் தாங்கிகளைப் பற்றவைக்கவும் முடியும். அலுமினியச் சட்டகம் எடை குறைந்தது. ஆனால் மிதிவண்டிகளில் பரவலாகப் பயன்படும் 6061 வகைக் கலப்புலோகம் பற்றவைத்த பின் வெப்பப் பதப்படுத்தப்பட்டால்தான் தன் முழு வலிமையைப் பெறும். வீட்டுப் பட்டறையில் அலுமினியச் சட்டகத்தின் மேல் ஒரு தாங்கியைப் பற்றவைப்பவர், அவ்விடத்தின் வலிமையில் பெரும்பகுதியைத் தம் கையாலேயே நீக்கிவிடுகிறார். கரியிழைச் சட்டகத்தில் இறுக்குப்பட்டைகள் மாட்டுவது கூடாது. குழாய் உள்நோக்கி நசுங்கும்.

சட்டகக் குழாயில் துளையிடுவது தவிர்க்கப்பட வேண்டிய மற்றொரு செயல். பெட்ரோல் பொறித் தொகுப்புகளின் முன்தாங்கி மெல்லிய குழாய்களுக்கென அளவெடுக்கப்பட்டது. மலை மிதிவண்டியின் கீழ்க்குழாய் தடிமனானது என்பதால், சிலர் அதில் துளையிட்டு நீண்ட போல்ட் ஒன்றைச் செருகுகின்றனர். கீழ்க்குழாய் மேடுபள்ளங்களின் விசையை நேரடியாகச் சுமக்கும் உறுப்பு. துளையின் விளிம்பில் தகைவு குவிந்து, பொறியின் அதிர்வும் சேர, வெடிப்பு அங்கிருந்தே தொடங்குகிறது. குழாயைச் சுற்றிப் பிடிக்கும் அகன்ற இறுக்குப்பட்டையே சரியான தீர்வு.

பின்புற அதிர்வுதாங்கி கொண்ட சட்டகங்கள் ஓட்டத்துக்கு இனியவை. ஆனால் அவற்றின் நடு முக்கோணத்தில் பெட்ரோல் பொறிக்கோ பெரிய மின்கல அடுக்குக்கோ இடமிராது. எனவே முன்புற அதிர்வுதாங்கி மட்டும் உள்ள சட்டகமே பெரும்பாலோரின் தேர்வாக இருக்கிறது.

சக்கரங்கள்

வலுவாகக் கட்டப்படும் வண்டியில் முதலில் மாற்றப்பட வேண்டிய உறுப்பு பின்சக்கரம். 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 480 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும், ஸ்போக்ஸ் எனப்படும் ஆரைக்கம்பி ஒவ்வொன்றும் தரையை நோக்கி வரும்போது தளர்ந்து, மேலேறும்போது மீண்டும் இறுகுகிறது. ஆயிரம் கிலோமீட்டரில் இது ஏறக்குறைய ஐந்து இலட்சம் முறை நிகழ்கிறது. ஆரைக்கம்பிகள் பெரும்பாலும் சுமை தாளாமல் அறுவதில்லை, இந்தக் களைப்பினாலேயே அறுகின்றன. போதிய இறுக்கத்தோடு கட்டப்பட்ட கம்பி கீழே வரும்போதும் முற்றிலும் தளராது. தளராத கம்பி நெடுநாள் வாழும். ஆகவே தடித்த கம்பியை விடச் சீரான, உயர்ந்த இறுக்கம் முதன்மையானது.

வழக்கமான ஆரைக்கம்பி 14 கேஜ், அதாவது 2.0 மி.மீ. தடிமன் உடையது. 13 கேஜ் கம்பி 2.3 மி.மீ., 12 கேஜ் 2.6 மி.மீ. ஆகும். ஹப் மின்னோடித் தொகுப்புகள் பலவற்றில் 12 கேஜ் கம்பிகள் வருகின்றன. பார்வைக்கு இவை வலுவானவை. ஆயினும் இத்தனை தடித்த கம்பியைப் போதிய அளவு இழுத்துக் கட்டினால் சாதாரண ரிம்மின் துளைகள் வெடிக்கும். வெடிக்காமலிருக்க இறுக்கத்தைக் குறைத்தால் கம்பி தளர்ந்து அறும். மின்னோடியின் குடம் அகன்றதாக இருப்பதால் கம்பிகள் குட்டையாகவும், ரிம்மை நோக்கிச் சாய்ந்தும் செல்கின்றன. வழக்கம்போல் மூன்று கம்பிகளைக் கடந்து பின்னினால் கம்பி ரிம்மில் நுழையும் இடத்தில் மடங்கிவிடும். ஒரே குறுக்குப் பின்னலும், இரட்டைச் சுவர் கொண்ட ரிம்மும், 13 கேஜ் தலையும் 14 கேஜ் உடலும் கொண்ட கம்பியும் சேர்ந்தால் இச்சிக்கல் பெரிதும் தீர்கிறது.

பெட்ரோல் பொறித் தொகுப்புகளில் வேறொரு குறை உண்டு. பொறியின் சங்கிலி இழுக்கும் 44 பல் கொண்ட பற்சக்கரம், குடத்தோடு இணைக்கப்படாமல், இரு ரப்பர் வளையங்களுக்கு இடையே ஆரைக்கம்பிகளை வைத்து ஒன்பது போல்ட்களால் இறுக்கப்படுகிறது. எந்த மிதிவண்டிக்கும் பொருந்தும் என்பதே இம்முறையின் ஒரே நன்மை. ஆரைக்கம்பி நீளவாட்டில் இழுவிசையைத் தாங்கவே செய்யப்பட்டது; இங்கு அது நடுவில் பக்கவாட்டில் வளைக்கப்படுகிறது. குடத்தையே சுற்றிப் பிடிக்கும் உலோகத் தாங்கியில் பற்சக்கரத்தைப் பொருத்துவது வலுவான முறை. டயர் 2.35 அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட அகலத்தில் இருப்பது நலம்.

அச்சும் முறுக்குத் தாங்கியும்

சட்டகத்தில் சக்கர அச்சு வந்து அமரும் பிளவு டிராப்-அவுட் எனப்படுகிறது. சாதாரண மிதிவண்டியில் அச்சு சுழல்வதில்லை, சுழலவும் முயல்வதில்லை. அதனால் இப்பிளவு சக்கரம் கீழே விழாமல் பிடித்துக்கொண்டாலே போதும். ஹப் மின்னோடியில் நிலைமை தலைகீழ். குடம் முன்னோக்கிச் சுழல, அதே அளவு முறுக்குவிசை அச்சைப் பின்னோக்கித் திருப்ப முயல்கிறது. அச்சின் இரு பக்கங்களும் 10 மி.மீ. இடைவெளியில் தட்டையாகச் சீவப்பட்டிருக்கின்றன. அச்சைத் திரும்பாமல் தடுப்பது இத்தட்டையான பக்கங்கள் பிளவின் சுவரோடு பொருந்தியிருப்பது மட்டுமே.

மின்னோடி 50 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவதாகக் கொள்வோம். 10 மி.மீ. அளவிலான நெம்புகோல் தூரத்தில் இது 5000 நியூட்டன் விசையாகிறது. அதாவது அரை டன் எடை பிளவின் இரு உதடுகளையும் அகற்றப் பார்க்கிறது. உதடுகள் விரிந்ததும் அச்சு முழுச் சுற்று சுழன்று, மின்கம்பிகளை முறுக்கி அறுத்து, சக்கரத்தை வெளியே தள்ளும். முன்சக்கரத்தில் மின்னோடி பொருத்தப்பட்டு, முன்கவை அலுமினிய வார்ப்பாக இருந்தால், உதடு விரியாமல் உடையும். ஓட்டுநருக்கு எவ்வித எச்சரிக்கையும் கிடைக்காது. அதிர்வுதாங்கியுள்ள முன்கவையில் வலுவான ஹப் மின்னோடியைப் பொருத்தலாகாது என்பது இத்துறையில் ஏறத்தாழ ஒருமனதான கருத்து.

இதற்கு முறுக்குத் தாங்கி என்னும் எஃகுத் தகடு பயன்படுகிறது. அதன் ஒரு முனையில் உள்ள துளை அச்சின் தட்டைப் பக்கங்களை இறுகப் பற்றும். மறுமுனை சட்டகக் குழாயோடு கட்டப்படும். தகட்டின் நீளம் 100 மி.மீ. என்றால் சட்டகம் தாங்க வேண்டிய விசை 5000 நியூட்டனிலிருந்து 500 நியூட்டனாகக் குறைகிறது. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சிறு தகடுதான், விலையும் சொற்பம். எனினும் தொகுப்போடு வரும் மெல்லிய வாஷர் போதும் என நம்பி இதை விட்டுவிடுவோர் பலர். மின்னழுத்த மீட்பு முறையில், அதாவது மின்னோடியையே பிரேக்காகப் பயன்படுத்தும் வண்டிகளில், விசை இரு திசைகளிலும் மாறி மாறி வருவதால் அச்சு சிறிதும் ஆடாதபடி தாங்கியை இரு பக்கமும் பொருத்த வேண்டும்.

உந்து முறைகள்

சீனாவில் செய்யப்பட்டு உலகெங்கும் விற்கப்படும் இரு வீச்சுப் பெட்ரோல் பொறித் தொகுப்பு மிக மலிவானது. விளம்பரங்களில் 80 கன செ.மீ. என்று குறிக்கப்படும் பொறியின் உருளை விட்டம் 47 மி.மீ., வீச்சு 38 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 66 கன செ.மீ. மட்டுமே வரும். பொறிக்குள் 4.1 மடங்கும், 10 பல்லும் 44 பல்லும் கொண்ட பற்சக்கரங்களால் 4.4 மடங்கும் வேகம் குறைக்கப்படுவதால், மொத்தக் குறைப்பு 18 மடங்கு ஆகும். 26 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 5000 சுழற்சி மணிக்கு ஏறத்தாழ 34 கி.மீ. வேகத்தைத் தரும். சமவெளிக்கு இது பொருந்தும். மலையேற்றத்துக்கு ஒரே ஒரு கியர் போதாது. ஓட்டுநர் மிதித்து வேகமெடுத்துக் கிளட்ச்சை விட்டால் பொறி உயிர்பெறும். ஒற்றை உருளைப் பொறியின் அதிர்வு எல்லா நட்டுகளையும் தளர்த்துவதால், திருகுப் பசையும் ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்பான சோதனையும் இன்றியமையாதவை.

இவ்வகையில் அஞ்சத்தக்க கோளாறு சங்கிலி இறுக்கியில் ஏற்படுகிறது. இது பின்குழாயில் இறுக்குப்பட்டையால் மட்டும் பிடிக்கப்பட்ட ஓர் உருளை. பட்டை வழுக்கித் திரும்பினால் உருளை ஆரைக்கம்பிகளுக்குள் நுழைந்து பின்சக்கரத்தை அக்கணமே பூட்டிவிடும். சங்கிலியின் நீளத்தைச் சரியாக வெட்டி, அச்சைப் பின்னிழுத்து இறுக்கம் பெற்று, இறுக்கியே இல்லாமல் ஓட்டுவது சிறந்தது. பொறிச் சங்கிலி இடப்பக்கம் ஓடுவதால் பின்சக்கரத் தட்டு பிரேக்கின் இடத்தை அது பறித்துக்கொள்கிறது என்பதையும் கட்டுவோர் முன்னதாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஹப் மின்னோடி ஓசையற்றது, பராமரிப்பு குறைந்தது. கியரில்லாத வகை 6 கிலோகிராம் அளவுக்கு எடை கொண்டிருப்பதால், மேடுபள்ளத்தில் அந்த எடை முழுவதும் ரிம்மையும் டயரையும் மோதுகிறது. அதன் பெரிய குறை வெப்பம். 130 கிலோகிராம் எடையை 10 விழுக்காட்டு ஏற்றத்தில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏற்ற, மண்பாதையின் உருள் தடையையும் சேர்த்து, 600 வாட்டுக்கு மேல் தேவை. சக்கரம் மெதுவாகச் சுழலும்போது இம்மின்னோடியின் பயனுறுதிறன் வீழ்ந்து, உள்வாங்கும் மின்னாற்றலில் பெரும்பங்கு சுருளில் வெப்பமாகிறது. நீண்ட செங்குத்து ஏற்றத்தில் சுருளின் காப்புப் பூச்சு கருகுவது இதனாலேயே.

பெடல் அச்சின் இடத்தில் பொருத்தப்படும் நடு மின்னோடி இக்குறையைத் தவிர்க்கிறது. அதன் விசை மிதிவண்டியின் கியர்கள் வழியே செல்வதால், ஏற்றத்தில் தாழ்ந்த கியருக்கு மாறி மின்னோடியை அதன் இயல்பான வேகத்தில் சுழலவிடலாம். மலைப்பாதைக்கு இதுவே தக்க முறை என்பதில் ஐயமில்லை. ஈடாகச் சங்கிலியும் பின் பற்சக்கரங்களும் விரைவில் தேய்கின்றன. முழு விசையில் கியர் மாற்றினால் சங்கிலி அறும். எனவே மாற்றும் நொடியில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் உணரி பொருத்துவர். பற்சக்கரங்கள் அமரும் உருளை எஃகாக இருப்பது அவசியம். அலுமினியமாயின் பற்சக்கரம் அதில் பள்ளம் வெட்டிவிடும்.

பிரேக்

10 விழுக்காட்டு இறக்கத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தைக் கூட்டாமல் 130 கிலோகிராம் எடையுள்ள வண்டியை இறக்கினால், ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 1000 ஜூல் வெப்பமாக வேண்டும். ஒரு சலவைப் பெட்டியின் வெப்பம் அது. காற்றுத் தடை அதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டாலும் எஞ்சியது முழுவதும் இரு மெல்லிய தட்டுகளில் சேர்கிறது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் இவ்வெப்பம் டியூபின் காற்றைச் சூடாக்கும். தட்டு பிரேக்கில் பட்டையின் பிடிமானம் குறையும் அல்லது எண்ணெய் கொதித்துப் பிடி கையோடு வரும். ரீபேக் பாதையில் கிரீஸ் புகைந்ததும் இதே காரணத்தால்தான். 100 கிலோகிராம் எடையை 400 மீட்டர் இறக்கும்போது 3,90,000 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் எங்காவது செல்ல வேண்டுமல்லவா!

நீர்ம அழுத்தத் தட்டு பிரேக்குகள், முன்னும் பின்னும், வலுவான வண்டிக்கு அடிப்படைத் தேவை. 160 மி.மீ. தட்டுக்குப் பதிலாக 203 மி.மீ. தட்டு பொருத்தினால் அதே கைவிசையில் பிடிப்பு ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. வெப்பத்தை வெளியேற்றும் பரப்பும் மிகுகிறது. முன்கவை அத்தனை பெரிய தட்டுக்கு அனுமதிக்கப்பட்டதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மின் வண்டியில் பிரேக் பிடியை அழுத்தியதும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். முதலில் பிரேக்கை மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்த்து, அதன் பின் பொறியைப் பூட்டும் வரிசையே அறிவார்ந்தது. நடைமுறையில் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, பிரேக்கைப் பணம் சேர்ந்த பின் வாங்கலாம் எனத் தள்ளிப்போடுகின்றனர்.

மின்கல அடுக்கு

48 வோல்ட் எனப்படும் இலித்தியம்-அயனி அடுக்கில் 13 மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. முழுமையாக மின்னேற்றிய நிலையில் அதன் அழுத்தம் 54.6 வோல்ட். 15 ஆம்பியர்-மணி அடுக்கு 720 வாட்-மணி ஆற்றல் கொண்டது. 130 கிலோகிராமை 500 மீட்டர் உயரம் ஏற்ற 177 வாட்-மணி தேவை. இழப்புகளைச் சேர்த்தால் அடுக்கின் மூன்றில் ஒரு பங்கு அந்த ஏற்றத்துக்கே செலவாகும்.

கலங்களின் அழுத்தத்தைச் சமன்செய்து, மிகை மின்னேற்றத்தையும் மிகை மின்னோட்டத்தையும் தடுக்கும் மேலாண்மைச் சுற்று இல்லாத அடுக்கைப் பயன்படுத்தலாகாது. அடுக்கைச் சட்டகத்தின் முக்கோணத்துக்குள் பொருத்துவது எடையைத் தாழ்வாகவும் நடுவிலும் வைக்கும். பின்புறத் தட்டில் வைத்த அடுக்கு மேடுபள்ளங்களில் குலுங்கி, கலங்களுக்கு இடையிலுள்ள பற்றவைப்புகளை விடுவிக்கும். இலித்தியம்-அயனிக் கலங்களை உறைநிலைக்குக் கீழான குளிரில் மின்னேற்றக் கூடாது. எதிர்மின்முனையில் உலோக இலித்தியம் படிந்து பின்னர் உள்ளேயே மின் குறுக்கீடு நேரலாம். அடிபட்டு நசுங்கிய அடுக்கு, செயல்படுவதுபோல் தோன்றினாலும், வீட்டுக்குள் மின்னேற்றத் தகாதது. மலிவான அடுக்குகளால் தொடர்ந்து தீவிபத்துகள் நேர்ந்ததை அடுத்து, நியூயார்க் நகரம் 2023ஆம் ஆண்டில், பாதுகாப்புச் சான்று பெறாத மின் மிதிவண்டிகளையும் அவற்றின் மின்கலங்களையும் விற்கத் தடை விதித்தது.

சட்டநிலை

இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், நான்குக்குக் குறைவான சக்கரங்களும் 25 கன செ.மீ.க்கு மேற்படாத பொறியும் கொண்ட வண்டியை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. மேலே கூறிய 66 கன செ.மீ. பொறி இவ்வரம்பை மீறுகிறது. அதைப் பூட்டிய மிதிவண்டி பொதுச்சாலையில் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவை தேவைப்படும் வாகனமாகிறது. மின் வண்டிகளுக்கு, மின்னோடியின் திறன் 250 வாட்டுக்கும் உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருத்தல், மின்கலம் நீங்கலான எடை 60 கிலோகிராமுக்கு மிகாதிருத்தல், சோதனை நிறுவனம் ஒன்றின் ஒப்புதல் ஆகியவை உட்பட்ட நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 250 வாட், 25 கி.மீ. என்பவையே வரம்புகள், அங்கு மிதிக்கும்போது மட்டும் மின்னோடி உதவ வேண்டும்.

அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம், 750 வாட்டுக்கும் மணிக்கு 20 மைலுக்கும் குறைவான மின் மிதிவண்டியை நுகர்பொருளாக வகைப்படுத்தியது. பெட்ரோல் பொறி இதில் அடங்காது. சாலைப் பயன்பாட்டை மாநிலங்கள் தனித்தனியே முறைப்படுத்துகின்றன. கலிபோர்னியா 2015இல் மூன்று பிரிவு முறையைச் சட்டமாக்கியது. காட்டுப்பாதைகளின் நிலை வேறு. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தால் காக்கப்படும் பகுதிகளில் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை. 2019இல் உள்துறைச் செயலரின் ஆணை, தேசியப் பூங்காக்கள் முதலிய நிலங்களில் வரம்புக்குட்பட்ட மின் மிதிவண்டிகளை அனுமதிக்க வழிவகுத்தது. இக்கட்டுரையில் விவரிக்கப்பட்ட 1000 வாட்டுக்கு மேற்பட்ட வண்டிகள் இச்சலுகைகள் எதிலும் அடங்குவதில்லை. தனியார் நிலங்களிலும் விசையுந்துகளுக்கென ஒதுக்கப்பட்ட பாதைகளிலும் மட்டுமே அவற்றை ஓட்ட இயலும்.